இன்னும் இல்லை, இனி இல்லை

காணி உறுதி ஒன்றை நிதானமாக வாசித்திருக்கிறீர்களா? பெரும்பாலானோர் பெயரையும் பரப்பளவையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். சுவை இருப்பது எல்லைகளைச் சொல்லும் பகுதியில்தான். வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் வளவு, தெற்கே தரவை, மேற்கே கோயிற்காணி. இதற்குட்பட்ட நிலமும் வீடும் கிணறும் வான்பயிர் செய்பயிரும். மண் சிவப்பா வெள்ளையா, கிணற்றுத் தண்ணீர் நன்னீரா உவரா என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இராது. எது எதை அடுத்துக் கிடக்கிறது, எது எதற்குள் நிற்கிறது, யார் யாருக்குக் கொடுத்தது, இவ்வளவுதான். ஒரு பொருளைப் பற்றிய பத்திரம் என்று நினைத்துத் திறந்தால், பொருள்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தி நிற்கின்றன என்பதே உள்ளே எழுதியிருக்கும்.

நொத்தாரிசுமார் காலங்காலமாக எழுதிவந்ததை லுட்விக் விட்கென்ஸ்டைன் 1921-இல் வெளியான தன் சிறிய நூலின் தொடக்கத்திலேயே தத்துவமாக வைத்தார். உலகத்தைப் பொருள்களின் குவியலாகப் பார்த்தால் உலகம் பிடிபடாது என்பது அவர் கட்சி. பொருள்கள் இப்படியும் கூடி நிற்கலாம், அப்படியும் கூடி நிற்கலாம். அப்படிக் கூடக்கூடிய ஒவ்வொரு விதமும் ஒரு நிலை. அந்த நிலைகளுள் எது உண்மையாகவே வாய்த்திருக்கிறதோ அது மெய்ம்மை. உலகம் என்பது அந்த மெய்ம்மைகளின் தொகை.

முதலில் கேட்கும்போது இது சொற்சிலம்பம் போலத் தோன்றும். சம்பூரில் வைத்துப் பார்த்தால் தோன்றாது.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூருக்குக் கிழக்கே இருக்கிறது சம்பூர். வயல், பனை, கிணறு, பத்திரகாளி அம்மன் கோயில், மகா வித்தியாலயம், ஊர்ச் சனம். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சும் எறிகணையும் தொடங்கியபோது சனம் எழும்பியது. வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2006 செப்டம்பர் 4-ஆம் திகதி சம்பூரை இராணுவம் கைப்பற்றியது. 2007 மே மாதம் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்தது. 2012-இல் 818 ஏக்கர் காணி கைத்தொழில் வலயத்துக்கென்று முதலீட்டுச் சபையின் கீழ் போனது.

இப்போது இரண்டு பட்டியல் எடுங்கள். 2005-இல் சம்பூரோடு சேர்ந்த பொருள்கள் எவை, 2010-இல் எவை. வீடுகள் போய்விட்டன, அது பெரிய கழிவுதான். ஆனாலும் அதே நிலம், அதே குடா, பெரும்பாலும் அதே மனிதர், பலர் பெட்டிக்குள் அதே உறுதி. பொருள்களை மட்டும் எண்ணுகிறவருக்குப் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். உறுதியின் சொந்தக்காரி பதினைந்து இருபது கிலோமீற்றருக்கு அப்பால் தகரக் கொட்டிலில் இருக்கிறாள் என்பதும், அவளுடைய வளவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு காவலரண் இருக்கிறது என்பதும் எந்தப் பொருட்பட்டியலிலும் அகப்படாது. சம்பூருக்கு நடந்தது அதுதான். அதைச் சொல்ல நிலைகளின் மொழி வேண்டும்.

இந்த யோசனை விட்கென்ஸ்டைனுக்குத் தோன்றிய விதமும் சுவாரசியமானது. முதலாம் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் இருந்தபோது, 1914 செப்டம்பரில், பாரிஸ் நீதிமன்றமொன்றைப் பற்றித் தன் குறிப்பேட்டில் எழுதினார். வீதி விபத்து எப்படி நடந்தது என்பதைப் பொம்மைகளை அடுக்கி அங்கே காட்டினார்களாம். வண்டிப் பொம்மையை இங்கே வைத்தால் ஒரு நிலை, அங்கே வைத்தால் வேறொரு நிலை. இரண்டும் நடந்திருக்கக்கூடியவை, நடந்தது ஒன்றுதான். மூதூரிலோ திருகோணமலையிலோ காணி வழக்குக்குப் போனவர்களுக்கு இது புதிதாக இராது. நில அளவையாளரின் படத்தை விரித்து, வேலி இதில் நின்றது என்கிறார் ஒருவர், அதில் நின்றது என்கிறார் மற்றவர். இருவர் சொல்வதும் விளங்குகிறது. விளங்குவதற்கு உண்மையாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை, நடக்கக்கூடியதாக இருந்தால் போதும். பொய்ச் சாட்சி சொல்ல முடிவதும் இந்தச் சலுகையால்தான்!

அரசாங்கத் திட்டங்களும் இந்த வகைதான். 2006 டிசம்பரில், சம்பூர்ச் சனம் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டின் கடைசியில், இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் இரு அரசாங்கங்களும் புரிந்துணர்வு உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டன. திருகோணமலைப் பகுதியில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம். 250 மெகாவாட்டில் இரண்டு அலகுகள். இடம் சம்பூர் என்று ஆனது. 2011-இல் அதற்கென்று கூட்டுக் கம்பனி பிறந்தது, 2013-இல் மேலும் ஒப்பந்தங்கள் வந்தன. புகைபோக்கி, நிலக்கரி இறக்கும் துறை, குளிர்நீர் வாய்க்கால் என்று எல்லாம் தாளில் எழும்பின. 2016 செப்டம்பரில், சுற்றாடல் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், இந்த நிலையம் கட்டப்படாது என்று அரசு தரப்பு உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. பத்தாண்டு நுணுக்கமாக விவரிக்கப்பட்ட ஒரு நிலை, ஒரு நாள்கூட மெய்ம்மையாகாமல் முடிந்தது.

தாளில் எழுதுவதாலேயே மெய்ம்மையாகிவிடுபவையும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. உயர் பாதுகாப்பு வலயம் என்று மண்ணில் எதுவும் முளைப்பதில்லை. வர்த்தமானியில் எழுதினால் உண்டு, எடுத்தால் இல்லை. 818 ஏக்கரைக் கொண்டுபோனதும் ஒரு வர்த்தமானி, 2015 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை நீக்கியதும் ஒரு வர்த்தமானி. வழக்கெல்லாம் தாண்டி அந்த ஆண்டு ஆகஸ்டில் சனத்திடம் காணி கையளிக்கப்பட்டது. கடற்படை முகாமுக்குள் இருந்த 237 ஏக்கரின் மீதியும் 2016 மார்ச்சில் விடுபட்டது. அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் சேர்ல் இப்படிப்பட்டவற்றை நிறுவன மெய்ம்மைகள் என்று தனியாகப் பிரித்தார். காசு, திருமணம், எல்லை, உரித்து எல்லாம் அந்த வகை. அவை மெலிந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். பனையை வெட்ட ஒரு பொழுது போதும். வர்த்தமானியை நீக்க எட்டு ஒன்பது வருடம் முகாமில் இருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது இனித்தான்.

காணி விடுபட்டு ஊருக்குள் போனவர்கள் கண்டது பற்றை. கருவேலும் ஈச்சையும் மண்டி, சுவரும் இல்லை, கூரையும் இல்லை, அத்திவாரத்தைக் காலால் தடவித் தேடவேண்டிய நிலை. அந்தக் காட்சியை ஒரு வசனமாக எழுதினால், "இவ்விடத்தில் வீடு இல்லை." இந்த வசனம் உண்மை. எந்த மெய்ம்மை இதை உண்மையாக்குகிறது? பற்றை இருக்கிறது, கறையான் புற்று இருக்கிறது, மணல் இருக்கிறது. இருப்பவற்றை எத்தனை எழுதினாலும் "வீடு இல்லை" என்பது அதில் தானாக வந்து சேராது. "எழுதியது இவ்வளவுதான், வேறெதுவும் கிடையாது" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாக வேண்டும். அந்த வரியும் ஓர் இல்லாமையைத்தான் சொல்கிறது. பேர்ட்ரண்ட் ரஸ்ஸல் இங்கேதான் மாட்டிக்கொண்டார். இருப்பவை மட்டுமல்ல, இல்லாமையும் மெய்ம்மைதான் என்று 1914-இல் ஹார்வர்டில் வாதாடியபோது கூட்டத்தில் கிட்டத்தட்டக் கலகமே மூண்டதாக அவரே பின்னர் சொன்னார். உலகத்தின் உறுப்புகளில் "இல்லை" என்றொரு உறுப்பா என்று கேட்டவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

நம்மவருக்கு இதில் கோபம் வந்திருக்காது. பழைய தருக்க மரபினரான வைசேடிகர் அபாவத்தை, அதாவது இல்லாமையை, ஏழாவது பதார்த்தமாகவே, உள்ளவற்றின் ஏழாவது வகையாகவே, வைத்துவிட்டார்கள். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அறியும் வழிகள் பத்தை எண்ணும்போது அபாவத்தையும் எண்ணி, பிறகு பத்தையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கினார். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கினார், ஆறுமுக நாவலர் அச்சேற்றினார். யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளைகள் திண்ணையில் இருந்து படித்த தருக்கம் அது. குடம் இல்லாத நிலத்தைக் காட்டி, இந்த "இல்லை" எந்த "இல்லை" என்று அதில் கேட்பார்கள். கேள்வியே அங்கே வேறு. இல்லாமை உண்டா என்று மேற்கே சண்டை பிடித்தார்கள், எத்தனை வகை என்று இங்கே எண்ணினார்கள்.

நான்கு வகை. குயவன் வனைவதற்கு முன்னால் குடம் இல்லாதது ஒன்று. உடைந்த பின்னால் இல்லாதது ஒன்று. எக்காலத்தும் ஓரிடத்தில் இல்லாதது ஒன்று, காற்றில் நிறம் இல்லாதது போல. குடம் துணி அல்ல என்னும் வேற்றுமை நான்காவது. கடைசியை இன்றைக்கு விட்டுவிடலாம், சம்பூருக்கு வேண்டியவை முதல் மூன்று.

முதல் வகைக்குத் தொடக்கம் கிடையாது, முடிவு உண்டு: குடம் பிறந்தால் அந்த இல்லாமை தீர்ந்தது. இரண்டாம் வகைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது: உடைந்த குடத்தின் இல்லாமை உடைந்த கணத்தில் தொடங்கி என்றைக்கும் தொடரும். அதே அச்சில் அதே மண்ணால் இன்னொன்று வனைந்தாலும் அது வேறு குடம். உடைந்தது உடைந்ததே.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பற்றைக் காணியைப் பாருங்கள். மின் நிலையம் கட்ட வந்த பொறியியலாளர் நிற்கிறார். அவர் முன்னால் இருப்பது "இன்னும் இல்லை." பக்கத்தில் ஒரு வயோதிபத் தாய் நிற்கிறாள். அவள் முன்னால் இருப்பது "இனி இல்லை." மண் ஒன்று, பற்றை ஒன்று, கமராவில் எடுத்தால் படமும் ஒன்று. இருக்கும் மெய்ம்மைகளோ இரண்டு. அறிக்கை எழுதுகிறவர் இரண்டையும் சேர்த்து "வெற்றுக் காணி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். அந்தச் சொல்லுக்குள் ஒரு "இல்லை" மற்றதை விழுங்கிவிட்டது.

பொறியியலாளருக்குத் தெரியாதது தாய்க்குத் தெரிவது அவளுடைய ஏக்கத்தால்தானே, இல்லாமை மண்ணில் இல்லை, மனத்தில்தானே இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தர் 1943-இல் எழுதிய பெருநூலில், சிற்றுண்டிச்சாலைக்குள் நண்பன் பியரைத் தேடிப் போகிறவரை வைத்து ஏறத்தாழ இதைத்தான் பேசினார். பியர் அங்கே இல்லை என்பது தேடுகிறவர் கண்ணுக்கு மட்டுமே பளிச்சென்று தெரிகிறது. அங்கே இல்லாத மற்றக் கோடிப் பேரும் யார் கண்ணிலும் படுவதில்லை. எதிர்பார்ப்பு இல்லாமல் இல்லாமை தென்படாது என்பது சரி. தென்படாமல் இருப்பதால் அது இல்லை என்றாகிவிடாது. தாய் சம்பூருக்குத் திரும்பி வராமலே முகாமில் கண்ணை மூடியிருந்தாலும், அங்கே ஒரு வீடு நின்று அழிந்தது என்பது அப்படியே இருக்கும். பார்ப்பதற்கு ஆள் வேண்டும். இருப்பதற்கு வேண்டாம்.

நடந்து முடிந்ததற்கு இந்தப் பிடிவாதம் எப்போதும் உண்டு. பக்கத்து மூதூரில் ஒரு கல் இருக்கிறது. 1660-இல் ஆன் என்ற ஆங்கிலேயக் கப்பலில் வந்த றொபேர்ட் நொக்ஸ் கொட்டியாரத்தில் கண்டியரசன் ஆட்களிடம் பிடிபட்டதை அது சொல்கிறது. நொக்ஸ் 19 வருடம் கழித்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப் போய், 1681-இல் புத்தகமும் போட்டார். கப்பல் இல்லை, அரசன் இல்லை, நொக்ஸ் இல்லை. பிடிபட்டார் என்பது மட்டும் ஒரு மயிரிழையும் தேயவில்லை. அந்தக் கல்லைப் பெயர்த்துக் கடலில் போட்டாலும் தேயாது. 2025 ஜூலையில் சம்பூர்க் கடற்கரையோரம் கண்ணிவெடி அகற்றும்போது மனித எலும்புகள் வெளிப்பட்டு, விடயம் மூதூர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. பழைய மயானமா வேறெதுவுமா என்ற கேள்வி எழுந்தது. விடை யாருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அந்த உடல்கள் அங்கே வந்த விதம் ஒன்றே ஒன்றுதான். விசாரணை என்பது அந்த ஒன்றைத் தேடிப் போவது. மற்றதெல்லாம் பாரிஸ் நீதிமன்றத்துப் பொம்மைகள்.

நிலக்கரி நிலையத்துக்கு வருவோம், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2006-இலிருந்து 2016 வரை எல்லோரும் அதை "இன்னும் இல்லை" என்றே பேசினார்கள். வரப்போகிறது, வேலை கிடைக்கும், சாம்பல் கொட்டும், மீன் செத்துப்போகும் என்று ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே காலத்தில் நின்று பேசினார்கள். தருக்கநூலாரிடம் போனால் முகம் சுளிப்பார்கள். பிறந்து தீர்வதுதான் முதல் வகை இல்லாமை. பிறக்கவே பிறக்காததற்கு "இன்னும்" என்ற சொல் செல்லாது. அப்படியானால் 2016 செப்டம்பரில் ஒரு இல்லாமை இன்னொன்றாக மாறியதா, அல்லது தொடக்கத்திலிருந்தே அது "என்றும் இல்லை" ஆகத்தான் இருந்து, நமக்குத்தான் பத்தாண்டு கழித்துத் தெரிய வந்ததா? இரண்டாவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அது வரும் என்று நம்பி மூடிவைத்த வேலிகள், தள்ளிப்போட்ட மீள்குடியேற்றம், விதைக்காமற் போன போகங்கள் எல்லாம் ஒருபோதும் வராத ஒன்றுக்காகக் காத்திருந்தவை. அந்தக் காத்திருப்பு மட்டும் முழு மெய்ம்மை. பிழை, எதிர்காலத்தை ஊகித்ததில் இல்லை, ஊகத்தைக் கணக்கேட்டில் வரவாக எழுதியதில் இருக்கிறது.

எதிர்த் திசையிலும் இதே கவனம் வேண்டும். ஊர் திரும்பியபின் வீட்டுத்திட்டங்கள் வந்தன, சீமெந்துக் கல் வீடுகள் எழும்பின. "இழந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்" என்ற பேச்சும் கூடவே வந்தது. புது வீடு நல்லது, வேண்டியது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அது புது வீடு. கல்யாணம் நடந்த திண்ணை, பேறு பார்த்த அறை, பிள்ளையின் உயரத்தைக் கரியால் குறித்த கதவுநிலை உள்ள அந்த வீட்டின் இல்லாமை 2006-இல் தொடங்கியது, அதற்கு முடிவுத் திகதி கிடையாது. கொடுத்ததைக் கொடுத்ததாகச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லும்போதுதான் தருக்கம் இடறுகிறது, மனமும் இடறுகிறது.

நிலக்கரிக்குப் பதிலாக இப்போது சூரியன். 2025 ஏப்ரல் 5-ஆம் திகதி கொழும்பிலிருந்தபடி இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கான வேலையைத் தொடக்கி வைத்தார்கள். புகை இல்லை, சாம்பல் இல்லை. நிலக்கரியோடு ஒப்பிட்டால் எத்தனையோ மேல். பலகைகள் எழும்பி மின்சாரம் ஓடுகிற அன்று ஓர் "இன்னும் இல்லை" உண்மையாகவே தீரும். தீரட்டும்.

திட்ட அறிக்கை எழுதுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் படிவத்தில் "காணியின் தற்போதைய நிலை" என்று ஒரு நிரல் இருக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் போடுங்கள்: இங்கே முன்பு என்ன இருந்தது, எப்போது இல்லாமற் போனது. இரண்டாவது நிரலை நிரப்பாமல் முதலாவதில் "வெற்றுக் காணி" என்று எழுத ஒருவருக்கும் உரிமை கொடுக்காதீர்கள். நிரப்புவது கடினமும் அல்ல. ஊருக்குள் போய், வயது போன எவரிடமாவது கேட்டால், எந்தப் பற்றைக்கு அடியில் யாருடைய அடுப்படி இருந்தது என்று இன்றைக்கும் நடந்து காட்டுவார்கள்.